புகைபோக்கி லைனருக்குப் போர்வை தேவையா?

செங்கல் புகைபோக்கிக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனர், அதாவது புகை போகும் உட்குழாய், இறக்கி, பழைய கணப்புக்குள் ஒரு விறகு அடுப்பைப் பொருத்த விலைப்பட்டியல் வாங்கினால், பெரும்பாலும் கடைசியில் இப்படி ஒரு வரி இருக்கும்: லைனருக்கு இன்சுலேஷன், விரும்பினால். குழாயின் சூடு வெளியே போகாமல் அதைச் சுற்றும் போர்வைதான் இன்சுலேஷன். செலவைக் குறைக்க உட்காரும்போது முதலில் அடிபடுவது அந்த வரிதான். சுற்றிலும் செங்கல் இருக்கிறது, உள்ளே சுட்ட மண் ஓடு இருக்கிறது, நடுவில் புதுக்குழாயும் வரப்போகிறது. இதற்கு மேல் போர்வை எதற்கு என்று கேட்டால் நியாயமான கேள்வியாகத்தான் தெரியும். எங்கள் வீட்டில் இந்த வேலையைத் தொடங்கியபோது இதைப் பற்றி நிறையப் படித்தேன், வேலை தெரிந்தவர்களிடம் கேட்டேன், கடைசியில் என் கையாலேயே சுற்றியும் பார்த்தேன். விறகுப்புகை போகும் லைனருக்கு இன்சுலேஷன் என்பது ‘விரும்பினால்’ என்ற வரியில் வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திறந்த கணப்பு பார்க்க அழகு, ஆனால் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட அறைக்குள் நிற்காது. மீதி அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு மேலே போய்விடும். அதனால்தான் கணப்பின் வாய்க்குள் செருகி வைக்கும் இரும்பு அடுப்பு வந்தது. இன்சர்ட் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணாடிக் கதவு, காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு பிடி, உள்ளே புகையையே மறுபடி எரிக்கும் ஏற்பாடு. இன்றைய நல்ல இன்சர்ட் எழுபது சதவீதத்துக்கு மேல் சூட்டைப் பிடித்து வீட்டுக்குத் தருகிறது.

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வட அமெரிக்காவில் விறகு அடுப்புக்குப் பெரும் மவுசு வந்தது. அப்போது பலர் இன்சர்ட்டை வாங்கிக் கணப்புக்குள் தள்ளிவிட்டு, லைனர் எதுவும் இறக்காமல், புகை தானாக மேலே போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அடுப்பின் புகைவாய் 6 அங்குல வட்டம், அதாவது 28 சதுர அங்குலம். அதற்கு மேலே இருந்த பழைய புகைவழி பக்கத்துக்கு 11 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 121 சதுர அங்குலம். குறுகிய வாயிலிருந்து வந்த புகை நாலு மடங்குக்கு மேல் அகலமான குளிர்ந்த கூண்டுக்குள் நுழைந்ததும் வேகம் இழந்து, குளிர்ந்து, சுவரெல்லாம் கருந்தாராகப் படிந்தது. புகைபோக்கித் தீ விபத்துகள் பெருகின. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 211 இன்று இதற்கு வரம்பு வைத்திருக்கிறது: வீட்டுக்குள்ளேயே எழும் புகைபோக்கி என்றால் புகைவழியின் பரப்பு அடுப்பு வாயைப்போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது, வெளிச்சுவரில் நிற்பது என்றால் இரண்டு மடங்கு. லைனர் வந்தது முதலில் இந்த அளவுப் பிரச்சினையைத் தீர்க்கத்தான். சூட்டுப் பிரச்சினையை லைனர் மட்டும் தீர்ப்பதில்லை.

இங்கேதான் பலருக்குப் புரியாமல் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. அடுப்பு எவ்வளவு நல்லதோ, அதன் புகை அவ்வளவு குளிர்ச்சி. பழைய அடுப்புகள் விறகை வீணடித்தன. அந்த வீணான சூடு புகைபோக்கியைச் சூடாக வைத்திருந்தது. புதிய அடுப்பு அந்தச் சூட்டை அறைக்குள் திருப்பிவிட்டு, மிச்சத்தை மட்டும் மேலே அனுப்புகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1988இல் முதல் விதியைக் கொண்டுவந்தது. 2020 முதல் ஒரு விறகு அடுப்பு மணிக்கு 2 கிராமுக்கு மேல் புகைத்துகள் விடக் கூடாது, நிஜ விறகை வைத்துச் சோதித்தால் இரண்டரை கிராம். பழைய அடுப்புகள் மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை விட்டவை. இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த மிச்சச் சூட்டை வைத்துக்கொண்டுதான் புகை உச்சிவரை ஏறியாக வேண்டும். அதைப் பாதிவழியில் செங்கல்லுக்குத் தானம் கொடுக்க முடியாது.

புகையை மேலே இழுப்பது எது? சூடான காற்று லேசானது, வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது. இந்த எடை வித்தியாசம்தான் இழுவை. உயரமும் சூடும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. 7 மீட்டர் உயரப் புகைபோக்கி, வெளியே 0 டிகிரி செல்சியஸ், குழாய்க்குள் புகையின் சராசரிச் சூடு 200 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 37 பாஸ்கல் இழுவை வரும் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு). அதே புகை வழியில் சூட்டை இழந்து சராசரி 100 டிகிரிக்கு இறங்கினால் 24 பாஸ்கல்தான். வெளியே 15 டிகிரி இருக்கும் மிதமான மாலையில் அது 19 ஆகிவிடும். இது காகிதக் கணக்கு. குழாயின் உராய்வு, டேம்பர் (கணப்புக்கு மேலே புகைவழியை மூடித் திறக்கும் தகடு) அருகே உள்ள வளைவு, உச்சியில் மூடி என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஓர் அடுப்பு ஒழுங்காக எரிய 12 முதல் 15 பாஸ்கல் வேண்டும். கதவைத் திறந்தால் அறைக்குள் புகை வருகிறது, நெருப்பு சோம்பலாக எரிகிறது, கண்ணாடி கறுக்கிறது என்று வரும் புகார்களில் பல அடுப்பின் கோளாறு கிடையாது. மேலே குழாய் குளிர்ந்துகிடக்கிறது, அவ்வளவுதான்.

இழுவையை விட எனக்குக் கவலை தருவது படிவு. ஒரு கிலோ நல்ல காய்ந்த விறகு, அதாவது எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் உள்ளது, எரியும்போது எவ்வளவு நீராவி கிளம்பும் தெரியுமா? விறகிலிருக்கும் 200 கிராம் தண்ணீர் ஒரு பக்கம். மரத்தின் ஹைட்ரஜன் எரிந்து புதிதாக உண்டாகும் தண்ணீர் இன்னொரு 400 கிராமுக்கு மேல். ஆக ஒரு கிலோ விறகுக்கு 600 கிராமுக்கு மேல் ஆவி, கூடவே எரியாமல் தப்பிய தார்வகை வாயுக்கள். இவையெல்லாம் குழாய்ச் சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே இருந்தால் அங்கேயே படியத் தொடங்கும், குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு விட்டால் பனிக்கிற மாதிரி. கிரியோசோட் என்பது இதுதான். முதலில் பொடியாகப் படியும், பிரஷ் போட்டால் உதிரும். அடுத்த நிலையில் பளபளக்கும் செதில்கள். அதற்கும் மேலே போனால் கறுப்புக் கண்ணாடி உருக்கி ஊற்றியதுபோல ஒரு பூச்சு, எந்த பிரஷ்ஷாலும் எளிதில் எடுக்க முடியாதது. அந்த மூன்றாம் நிலைப் படிவு பற்றிக்கொண்டால் புகைவழிக்குள் 1,000 டிகிரிக்கு மேல் போகும்.

சரி, சுற்றிலும் செங்கல் இருக்கிறதே, அது சூட்டைக் காக்காதா? காக்காது. செங்கல் சூட்டை உறிஞ்சும். ஒரு புகைபோக்கியில் டன் கணக்கில் செங்கல் இருக்கிறது. அதற்குள் தொங்கும் லைனர் சில கிலோ மெல்லிய தகடு. இன்சுலேஷன் இல்லாத லைனர் தன் சூட்டை இடைவெளி வழியாக அந்த மலைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரவு காற்றைக் குறைத்து வைத்துவிட்டுப் படுக்கும்போது நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அப்போதுதான் புகை மெதுவாகவும் அழுக்காகவும் போகிறது. புகைபோக்கி வெளிச்சுவரில் நின்றால் மூன்று பக்கமும் குளிர்காற்று வேறு. அரை அங்குலச் செராமிக் கம்பளியைச் சுற்றிவிட்டால் அந்தச் சில கிலோ தகட்டை மட்டும் சூடாக்கினால் போதும். நெருப்பு மூட்டிய சில நிமிடங்களிலேயே குழாய் வேலை செய்யத் தொடங்கிவிடும். எங்கள் அடுப்பு வெளிச்சுவர்ப் புகைபோக்கியில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் கதவைத் திறந்ததும் மேலிருந்து குளிர்காற்று முகத்தில் கொட்டும் வழக்கம் போர்வை வந்தபின் போய்விட்டது.

இதுவரை சொன்னது புகைக்காக. இனி சொல்லப்போவது வீட்டுக்காக. எனக்கு இதுதான் முக்கியம்.

பழைய வீடுகளில் புகைபோக்கியின் செங்கல்லை ஒட்டியே உத்தரமும் தரைப்பலகையும் சுவரின் மரச்சட்டமும் இருக்கும். வீட்டுக்குள் எழும் புகைபோக்கிக்கும் மரத்துக்கும் இடையே 2 அங்குலமும், முழுக்க வெளியே நிற்பதற்கு 1 அங்குலமும் இடைவெளி வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. அந்த இடைவெளி நம் வீட்டில் இருக்கிறதா என்று சுவரை உடைக்காமல் முழுக்கத் தெரிந்துகொள்ள முடியாது. கேமரா புகைவழியின் உட்புறத்தைக் காட்டும். செங்கல்லுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று காட்டாது. மாடியின் மேற்பரணிலும் நிலவறையிலும் எட்டிப் பார்த்தால் சில இடங்கள் தெரியும். நான் பார்த்த வரையில் மரம் செங்கல்லில் இடித்துக்கொண்டுதான் இருந்தது. மரம் புதிதாக இருக்கும்போது தீப்பிடிக்க 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்த மரம் உள்ளுக்குள் மெல்லக் கரியாகி, அதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றக்கூடும். அதனால் இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்பதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

லைனர்களைச் சோதிக்கும் அமெரிக்கத் தரம் யூ.எல். 1777. புகைபோக்கித் தீயைப்போல 1,150 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, வெளியே மரம் எவ்வளவு சூடாகிறது என்று அதில் அளக்கிறார்கள். ஐரோப்பியச் சோதனையில் 1,000 டிகிரி, 30 நிமிடம். லைனர் இந்தச் சோதனையில் தேறுவது தயாரிப்பாளர் சொன்ன இன்சுலேஷனோடு சேர்த்துத்தான். அந்தப் போர்வை இருந்தால், செங்கல்லை மரம் தொட்டுக்கொண்டிருந்தாலும் பொருத்தலாம் என்று பல லைனர்களுக்கு அங்கீகாரம் உண்டு. போர்வையை எடுத்துவிட்டால் அதே குழாய்க்கு அந்த அங்கீகாரம் கிடையாது. இடைவெளி முழுக்க இருப்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். விலைப்பட்டியலில் ‘விரும்பினால்’ என்று எழுதுகிறவர்கள் இதையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் ஆதங்கம்.

என்ன பொருள் போடுவது? நான் பரிந்துரைப்பது ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய செராமிக் ஃபைபர் பிளாங்கெட், முன்பு சொன்ன அதே செராமிக் கம்பளி. அரை அங்குலம் ஒரு சுற்று, அல்லது கால் அங்குலம் இரண்டு சுற்று. எது என்று லைனரின் கையேடு சொல்லும். கால் அங்குலம் ஒரு சுற்றே போதும் என்று யாராவது சொன்னால் கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இன்னொரு வழி, வெர்மிகுலைட், பெர்லைட் என்ற லேசான கனிமத் துகள்களில் ஒன்றைச் சிமென்ட்டோடு லேசாகக் குழைத்து லைனரைச் சுற்றிக் கொட்டுவது. சுற்றிலும் ஓர் அங்குலமாவது இடம் வேண்டும். பலவீனமான பழைய புகைபோக்கியை அது இறுக்கிப் பிடிக்கும் என்பது நல்லது. பின்னால் லைனரை மாற்ற வேண்டி வந்தால் வெளியே எடுப்பது பெரும்பாடு என்பது கெட்டது. சிமென்ட் கலக்காமல் உதிரியாகக் கொட்டுவது பிரிட்டனில் வழக்கம். எனக்கு அதில் மனமில்லை. காலப்போக்கில் கீழே அமுங்கும், சின்ன ஓட்டை கிடைத்தாலும் ஒழுகும், மழைநீர் புகுந்தால் ஊறும். ஏற்கெனவே பழைய வெர்மிகுலைட் கிடக்கும் புகைபோக்கி என்றால் கையே வைக்காதீர்கள். 1990இல் மூடப்பட்ட, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. சோதித்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். வீட்டுச் சுவருக்குப் போடும் கண்ணாடி இழைக் கம்பளி இந்த வேலைக்கு ஆகாது. அதன் பிசின் கருகிவிடும், இழையும் சூட்டில் இளகிவிடும்.

அடுத்து இடப்பிரச்சினை. இன்சுலேஷன் வேண்டாம் என்பதற்கு நான் கேட்ட காரணங்களில் நேர்மையானது இது ஒன்றுதான். 6 அங்குல லைனருக்கு அரை அங்குலம் சுற்றினால் 7 அங்குலம். 8 அங்குலம் என்று சொல்லப்படும் மண் ஓட்டின் உள்ளளவு பெரும்பாலும் 7 அங்குலம், சிலசமயம் அதற்கும் குறைவு. ஓடுகள் சேரும் இடத்தில் பிதுங்கிய சாந்து வேறு. இறங்கவே இறங்காது. வழக்கமாகச் செய்வது ஓடுகளை உடைத்து எடுப்பது. அதற்கென்று டிரில்லில் மாட்டிச் சுழற்றும் கருவி இருக்கிறது. தூசும் சத்தமும் அதிகம், உடைந்த ஓடுகளையெல்லாம் கீழிருந்து அள்ள வேண்டும், ஆனால் அதன்பின் தாராளமான இடம் கிடைக்கும். ஓடு போன பிறகு இன்சுலேஷன் இல்லாமல் லைனர் இறக்குவதை நினைத்தே பார்க்கக் கூடாது. நீள்வட்டமாக அமுக்கிய லைனரும் உண்டு, ஐந்தரை அங்குல லைனரும் உண்டு. உங்கள் அடுப்புக்கு அது சரிப்படுமா என்று அடுப்புத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் புகைவழிக்குள் கேமரா விட்டுப் பாருங்கள். அடுப்பை மாற்றும்போது அப்படியொரு பரிசோதனை வேண்டும் என்று என்.எஃப்.பி.ஏ. 211 சொல்கிறது.

சுற்றும் வேலை கடினமில்லை, ஆனால் அவசரத்தில் செய்யக் கூடாது. சுருளாக வந்த லைனரை வெட்டவெளியில் நேராக நீட்டிப் போட வேண்டும். அதில் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி இருக்கும். மாற்றி இறக்கினால் குழாயின் மடிப்புகளில் ஈரமும் கசடும் தங்கும். கம்பளி லைனரை முழுக்கச் சுற்றி ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அகலம் வெட்டி, தாள் பக்கம் வெளியே இருக்கச் சுற்றி, நீளவாக்கில் அலுமினிய டேப் ஒட்டினோம். அதன்மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை உறை. சுருக்கி மாட்டி, இரண்டு முனையிலும் பிடித்து இழுத்தால் அது கம்பளியை இறுக்கிக்கொள்ளும். முனைகளில் கிளாம்ப். இந்த வலை உறையைச் சிலர் தேவையில்லை என்கிறார்கள். புகைபோக்கியின் சொரசொரப்பில் உரசி இறங்கும்போது கம்பளியைக் கிழியாமல் காப்பது அதுதான், விட்டுவிடாதீர்கள். செராமிக் இழை நுரையீரலுக்கு நல்லதில்லை. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நல்ல முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் கட்டாயம். உடலில் கரையும் வகை இழைகளும் இப்போது கிடைக்கின்றன. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இறக்கும்போது மேலே இரண்டு பேர், கீழே கயிற்றைப் பிடித்து இழுக்க ஒருவர். எங்காவது தட்டினால் வலுக்கட்டாயமாகத் தள்ளாமல், கொஞ்சம் மேலே தூக்கித் திருப்பி மறுபடி விட வேண்டும். டேம்பர் இருக்கும் குறுகிய இடத்தில் பெரும்பாலும் அதன் இரும்புச் சட்டத்தை வெட்டியாக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் கம்பளியை உரித்துவிடலாம் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். கணப்பின் மேல்விட்டத்துக்கும் மரப்பலகைக்கும் பக்கத்தில் இருப்பதே அந்த இடம்தான். வெட்டி இடம் பண்ணுவதே சரி.

லைனர் வந்ததும் டேம்பர் உயரத்தில் ஒரு தகட்டு அடைப்பு போட்டு, அதன்மேல் பாறைக் கம்பளி அடைக்க வேண்டும். இல்லையென்றால் அடுப்பு அறைக்குக் கொடுத்த சூடு லைனருக்கு வெளியே உள்ள இடைவெளி வழியாக மேலே நழுவிவிடும். லைனர் போர்வையோடு இதைச் சேர்த்துச் செய்யாத வீடுகளில் அடுப்பு சரியில்லை என்ற பழி எளிதில் வரும்.

இன்சுலேஷன் இல்லாத லைனரை வைத்துக்கொண்டு சுத்தமாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. வீட்டின் நடுவே எழும் புகைபோக்கி, ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே உள்ள விறகு, எப்போதும் நன்றாகக் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு என்றால் படிவு குறைவாகவே இருக்கும். ஈர விறகை எரிப்பவருக்கு எந்தப் போர்வையும் உதவாது என்பதும் உண்மை. மிக உயரமான புகைபோக்கியில் இன்சுலேஷன் இழுவையை அளவுக்கு மீறிக் கூட்டவும் கூடும். அங்கே இழுவையை அளந்து பார்த்து ஒரு தடுப்பு போட வேண்டிவரும். ஆனால் அந்த வீடுகளிலும் செங்கல்லுக்கு அந்தப் பக்கம் மரம் இருக்கிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. லைனர் உள்ளே போன பிறகு இன்சுலேஷன் சேர்க்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மேலே இழுத்து, உச்சி மூடியையும் அதன் கீழே லைனரைப் பிடித்திருக்கும் மேல்தகட்டையும் கழற்றி, வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வேலையை ஆளிடம் விட்டால், சுற்றி முடித்த லைனரை இறக்குவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். உள்ளே போன பிறகு கம்பளி இருக்கிறதா, எவ்வளவு தடிமன், மேல்தகடு வரைக்கும் வந்திருக்கிறதா என்று பார்க்க வழியே இருக்காது. லைனரோடு வரும் அங்கீகாரப் பட்டையையும் கையேட்டையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக் காப்பீட்டுக்காரர் கேட்கும்போதும், வீட்டை விற்கும்போதும் அது வேண்டும். சுத்தம் செய்ய பிளாஸ்டிக் பிரஷ் போதும், கம்பி பிரஷ் மெல்லிய லைனரைக் கீறிவிடும். வருடம் ஒருமுறை முழுப் பரிசோதனை. முதல் குளிர்காலத்தில் மட்டும் நடுவிலேயே ஒருமுறை உச்சி மூடியைப் பாருங்கள். போர்வை முடியும் இடமும் புகை அதிகம் குளிரும் இடமும் அதுதான். பறவை வராமல் இருக்கப் போட்ட வலைதான் எப்போதும் முதலில் அடைக்கும். தரையிலிருந்து பைனாகுலர் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.